வூடு எங்க தம்பி?

எங்கள் வீட்டுச் சமையலறைக் கூரையின் மேற்கு மூலையில் ஒரு மங்களூர் ஓடு மூன்று விரற்கடை கீழே இறங்கிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அந்த வழியாக மழை உள்ளே வரும். அதை வரவேற்க அடியில் ஒரு பித்தளை அண்டா நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. ஓட்டை மேலே தள்ளி வைக்க ஓர் ஏணி, ஓர் ஆள், ஐந்து நிமிஷம் வேண்டும். ஏணி வீட்டிலேயே இருக்கிறது. ஆள் நான். அந்த ஐந்து நிமிஷம்தான் நான்கு வருஷமாகக் கிடைக்கவில்லை.

ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கூரைக்கு என்று என் மனைவி தனியாக ஒதுக்கி வைத்தாள். அதில்தான் காமிரா வாங்கினேன்.

"கூரைக்கு வெச்ச பணம்" என்றாள்.

"கூரையைத்தான் எடுக்கப் போகிறேன்" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். உண்மை பேசிக் கெட்டவர்களின் பட்டியல் அரிச்சந்திரனோடு முடிந்துவிடவில்லை.

இந்தப் பித்துக்கு வித்திட்டவன் கனடாவில் இருக்கும் என் மைத்துனன் மகன். அங்கே குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து பாறை மாதிரி ஆகிவிடுமாம். ஜனங்கள் அதன்மேல் ஆளுக்கொரு குட்டிக் கொட்டகையை இழுத்து வந்து நிறுத்தி, பனிக்கட்டியில் துளை போட்டு, உள்ளே உட்கார்ந்து மீன் பிடிப்பார்களாம். பழைய கதவு, ஒட்டுப் பலகை, தகரம் என்று கையில் கிடைத்ததை வைத்துத் தாங்களே கட்டிக்கொண்ட கொட்டகைகள். ரிச்சர்ட் ஜான்சன் என்ற புகைப்படக்காரர் மாகாணம் மாகாணமாகப் போய் அவற்றைப் படமெடுத்திருக்கிறார். எல்லாப் படத்திலும் நடுவே ஒரே ஒரு கொட்டகை. சுற்றிலும் வெள்ளை. வேறு எதுவும் இல்லை.

பையன் அந்தப் படங்களை அனுப்பினான். நான் கெட்டேன்.

கெட்டவன் சும்மா இருப்பானா? படிக்கவும் ஆரம்பித்தேன். ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி, உலைக்களம், சுரங்கக் கோபுரம் என்று யாரும் திரும்பிப் பார்க்காத கட்டுமானங்களையே வாழ்நாள் முழுக்க எடுத்தார்கள். நிழல் விழக் கூடாது என்பதற்காக மேகம் மூடிய நாளுக்குக் காத்திருப்பார்களாம். 1964-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பெர்னார்ட் ருடோஃப்ஸ்கி என்பவர், கட்டடக் கலைஞர்களே இல்லாமல் எழுந்த கட்டடங்களுக்கென்று ஒரு படக் கண்காட்சியே நடத்தினார். குடிசையும் களஞ்சியமும் கலைதான் என்று உலகம் ஒப்புக்கொண்டு அறுபது வருஷமாகிவிட்டது. இதையெல்லாம் என் மனைவிக்கு எடுத்துச் சொன்னேன்.

"புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தா போனாங்க?" என்று கேட்டாள்.

"ஆமாம். மேகம் மூடிய நாளாகப் பார்த்து."

"மேகம் மூடினா நம்ம வீட்டுல துணி காயாது. நான் எங்கே வர?"

உள்ளூர் முன்னோடி ஒருவரையும் அவளுக்காகத் தேடிப் பிடித்தேன். மதராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்த லினியஸ் டிரைப். ராயக்கோட்டையையும் அன்றைய நம் சேலம் ஜில்லாவின் வேறு சில இடங்களையும் படமெடுத்து 1858-இலேயே ஒரு தொகுதி கொண்டுவந்தவர். காமிரா, ரசாயனம், காகித நெகட்டிவ் எல்லாம் மாட்டு வண்டிகளில் பின்னால் வரும்.

"அவருக்கு மாட்டு வண்டி இருந்துது" என்றாள். "உங்களுக்கு நான் இருக்கேன். பிளாஸ்க்கை எடுத்துக்கிட்டீங்களா?"

நாங்கள் இருப்பது ஏற்காட்டில், ஒண்டிக்கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில். பெயர்தான் ஒண்டிக்கடை. இப்போது அங்கே இருக்கிற கடைகளை எண்ண இரண்டு கை விரல்கள் போதாது. டீ, மிளகாய் பஜ்ஜி, மிளகு, காப்பித்தூள், குளிருக்குக் குரங்குக் குல்லா. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, பதினெட்டாவதில் வாந்தி எடுத்து, இருபதாவதில் உற்சாகம் திரும்பி வருகிறவர்கள் எல்லாம் ஏரியைப் பார்த்துவிட்டு அங்கேதான் வந்து நிற்பார்கள். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்கிறார்கள். இரண்டும் இன்னும் இருக்கின்றன. ஒற்றைக் கடைதான் காணாமல் போய்விட்டது.

அங்கே ஒரு டீக்கடையில் மார்கழிக் காலை ஆறு மணிக்கு முதல் டீ எனக்கு. கழுத்தில் காமிரா, தோளில் முக்காலி, தலையில் மனைவி கட்டிவிட்ட மஃப்ளர்.

"இன்னிக்கும் குடிசையா சார்?" என்பார் மாஸ்டர்.

"குடிசைதான்."

"ஏரியில நாலு போட்டோ எடுத்தா காசாவது வரும்."

என் பிரச்சினை காசல்ல, பனி. தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது. புல்நுனியில் நிற்கும் துளியும் பனிதான், கண்ணை மறைக்கும் மூட்டமும் பனிதான், கனடாவில் கூரைமேல் ஓரடி உயரத்துக்குக் குவிவதும் பனிதான். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று வருஷத்தில் நான்கு மாதத்தைப் பனிக்கே எழுதி வைத்த ஜாதி நாம். ஆனால் இந்த 1,500 மீட்டர் உயரத்தில் எனக்குக் கிடைப்பது மூட்டம் மட்டும்தான். கனடாப் பனி கொட்டகையைச் சுற்றிக் கிடக்கும். ஏற்காட்டுப் பனி கொட்டகைக்கும் எனக்கும் நடுவில் வந்து நிற்கும்.

போதாததற்குக் காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு. உலகத்தில் எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம்தான் என்று நினைத்துக்கொள்ளும். வெள்ளை மூட்டத்தைக் காட்டினால், "அடேயப்பா, வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும். ஒரு படி கூட்டி வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குள் ஒரு மார்கழி முழுக்க அழுக்கு வேட்டி நிறத்தில் நூற்றுக்கணக்கான படங்கள் சேர்ந்துவிட்டன.

பகோடா பாயிண்ட்டில் ஆரம்பித்தேன். மலைமக்கள் கையால் அடுக்கிய கற்குவியல்கள் பகோடா மாதிரி தெரிந்ததால் வந்த பெயர். படத்தில் மூட்டம் தெரிந்தது. அடுத்து, ஒரு சாமைக் கொல்லையில் நான்கு கால் நட்டுப் புல் வேய்ந்த காவல் பரண். பன்றி வராமல் இரவெல்லாம் உட்கார்ந்து விரட்டுகிற இடம். மேலேயிருந்து எடுத்தால் நன்றாக இருக்குமே என்று ஏறினேன். ஏறிய நேரம் மூன்று நிமிஷம். இறங்கிய நேரத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை.

மூன்றாவது அனுபவத்தைச் சொல்லாமலே விட்டுவிடலாம். ஆனால் மனைவி சொல்லிவிடுவாள். நாகலூர்ச் சாலையிலிருந்து பிரியும் ஒரு தடத்தில், மூங்கில் பிளாச்சுகளைப் பின்னித் தலை உயரத்துக்கு ஒரு சிறு வளைப்பு. கூரை கிடையாது. படலின் பின்னல் அவ்வளவு நேர்த்தி. முக்காலியை நட்டேன். இடப்பக்கமிருந்து நான்கு, வலப்பக்கமிருந்து நான்கு. பிறகு பின்னலை நெருக்கமாக எடுக்கலாம் என்று கிட்டே போனேன்.

உள்ளேயிருந்து ஆண் குரல் ஒன்று கேட்டது. "யாருய்யா அது, குளிக்க உடுறீங்களா இல்லையா?"

அன்று முக்காலியை மடக்காமலே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஓடிப் போய் நின்ற இடத்தில்தான் அந்த வீடு இருந்தது. அந்த வேளை பார்த்து மூட்டம் ஒரு பாய் அகலத்துக்கு விலகிக் கொடுத்தது. வெளியே தெரிந்தது இடுப்பளவு மண் சுவர், அதற்கு மேல் முழுக்கக் கூரை. இறவாரம் அவ்வளவு தாழ்வு, கோழிகூட குனிந்துதான் போக வேண்டும். பின்னால் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி. பழம் பறிக்கிற காலம். இடுப்பில் பை கட்டிய பெண்களின் பேச்சுக் குரல் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவருவதற்கு வெகு காலம் முன்பே, இதே மண்ணையும் மூங்கிலையும் புல்லையும் வைத்து இந்த மாதிரிதான் கட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

வாசலில் ஒரு பாட்டி ராகி புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, மூச்சு வாங்குது?"

அறுபத்திரண்டு வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட இந்த மலையில் அவர் ஒருவர்தான் மிச்சம். அந்த ஒரு சொல்லுக்காகவே அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கே போய்வந்தேன்.

பாட்டியும் அவர் சனமும் மலையாளிகள். இந்தப் பெயரால் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துச் சுற்றுலா வருகிறவர்கள் ஓணம் பற்றி விசாரிப்பதுண்டு. மலையை ஆளுகிறவர்கள் மலையாளிகள், அவ்வளவுதான். பேச்சு தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்துபோனார்கள், இந்தச் சேர்வராயன் மலைக்கு வந்தவர் மூத்தவர் என்று ஒரு வழிவழிக் கதை. பாட்டியிடம் இந்தக் கதையைக் கேட்டேன்.

"ஆமா, வந்தாங்களாம். வரும்போது வூட்டையும் கொண்டாந்திருக்கலாம்" என்றார்.

வீட்டை அவர் சுற்றிக் காட்டினார். மூங்கில் பிளாச்சைப் பின்னி நிறுத்தி, இரண்டு பக்கமும் செம்மண்ணை வைக்கோலோடு பிசைந்து அப்பிய சுவர். கைமரத்தையும் வரிச்சையும் பிணைப்பதெல்லாம் நார்க்கட்டு. ஓர் ஆணி கிடையாது. தேய்பிறையில் வெட்டிய மூங்கில், அதனால் பூச்சி பிடிக்காது என்றார். அப்படியே பிடிக்க நினைத்தாலும் அடுப்புப் புகை விடாது. கூரையின் உட்புறம் புகை படிந்து நாகப்பழம் போல் கறுத்து மினுமினுத்தது. மூலையில் ஆள் உயரத் தொம்பை, தானியம் கொட்டி வைக்க. கீழே திறந்துகொள்ள ஒரு சிறு வாய்.

அதைப் படமெடுக்க உள்ளே நுழைந்தேன். முதலில் நிலையில் தலை இடித்தது. பிறகு உலகம் மறைந்தது. வெளிக்குளிரில் ஊறிய கண்ணாடி அடுப்புச் சூடு பட்டதும் வேர்த்துவிடும். காமிராக் கண்ணாடியும் என் மூக்குக் கண்ணாடியும் ஒரே நேரத்தில் வேர்த்தன. ஒன்றைத் துடைக்க இன்னொன்று வேண்டும், இரண்டாவதைத் துடைக்க முதலாவது வேண்டும். பாட்டி என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்.

வெளியில் திண்ணைக்கு மேலே, சுவரில், விரல் தடங்கள் இருந்தன. மண்ணை அப்பி இழுத்தவரின் நான்கு விரல்களும் வரிசை வரிசையாக, வளைந்து வளைந்து. சாணி மெழுகியும் மறையவில்லை. இடுப்பு உயரத்துக்கு மேலே இருந்தவை அகலம். கீழே இருந்தவை குறுகலாக, நெருக்கமாக இருந்தன.

"மேல இருக்கிறது எங்க மாமியா கை" என்றார் பாட்டி. "கீழ இருக்கிறது என்னுது. வந்த புதுசு. அப்ப எட்டுற வரைக்கும்தான் பூசினேன்."

தன் கையை அந்தத் தடத்தின்மேல் வைத்துக் காட்டினார். விரல்கள் இப்போது தடித்திருந்தன. ஆனால் வளைவு பொருந்தியது.

இதைப் படமெடுத்தேனா? எடுத்தேன். மூக்குக் கண்ணாடி இன்னும் தெளியாததால் பின்னால் நின்ற சேவல்தான் கூர்மையாக விழுந்தது.

இனி அந்தக் குளிர்காலத்தில் நான் செய்த பாவத்துக்கு வருகிறேன். கூரையின் ஒரு பக்கத்தில் நீலத் தார்ப்பாய் ஒன்று போர்த்தியிருந்தது. என் படத்துக்கு அது பெரிய இடைஞ்சல். மண், மூங்கில், புல், மூட்டம் என்று கவிதை மாதிரி போய்க்கொண்டிருக்கையில் நடுவே வந்து உட்கார்ந்த விளம்பரம் போல அந்த நீலம்.

"அதை மட்டும் கொஞ்சம் எடுத்துட்டா நல்லாயிருக்கும்மா" என்றேன்.

பாட்டி என்னை ஒரு தரம் பார்த்தார். பேரனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். மூட்டம் சரியான பதத்துக்கு வர ஒரு மணி நேரம் காத்திருந்தேன். வந்தது. எடுத்தேன். என் வாழ்நாளின் சிறந்த படம். கூரை பாதி, சுவர் கால் பங்கு, மீதியெல்லாம் வெள்ளை. ஜான்சன் பார்த்தால் கனடாவை விட்டு வந்துவிடுவார். அந்தப் பரவசத்தில் தார்ப்பாய் கீழே கிடந்ததை நான் கவனிக்கவில்லை. பேரன் விளையாடப் போய்விட்டான்.

மறுநாள் போனேன்.

"ராத்திரி பனி சொட்டுச்சு தம்பி" என்றார் பாட்டி, கோபமே இல்லாமல். "அடியில அண்டா வெச்சேன்."

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னேன். அவள் வெகு நேரம் பேசாமல் மேற்கு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நாளா நம்ம வீட்டுக்கு மட்டும்தான்னு நெனச்சேன்" என்றாள். "இப்ப வெளியிலயும் எடுத்துச் செய்ய ஆரம்பிச்சுட்டீங்க."

பரிகாரமாக அந்தப் படத்தைச் சேலத்தில் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, இருபது வளைவும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து பாட்டியிடம் கொடுத்தேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினார். கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். பேரனும் வந்து எட்டிப் பார்த்தான்.

"நல்லா இருக்குது" என்றார். பிறகு மெதுவாக, நான் வருத்தப்படக் கூடாதே என்பது போல், "வூடு எங்க தம்பி?"

அந்த வருஷம் பாட்டிக்கு வீடு வந்தது. தமிழ்நாட்டில் 2030-க்குள் குடிசையே இருக்கக் கூடாது, எட்டு லட்சம் கான்கிரீட் வீடு கட்டுவோம் என்று 2024-இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தார்களே, அதில். ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், சமையலறையோடு சேர்த்து 360 சதுர அடி. பழைய வீட்டைப் படமெடுக்க ஓர் இளைஞர் செல்போனோடு வந்தபோது நான் அங்கே இருந்தேன். உச்சி வெயில். பெக்கர் தம்பதி காமிராவைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். பாட்டி புதுச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நேராக நின்றார். நீலத் தார்ப்பாய் இருந்தது, பிளாஸ்டிக் குடம் இருந்தது, கொடியில் பேரனின் கால்சட்டை இருந்தது. இளைஞர் இரண்டு விநாடியில் எடுத்து முடித்தார். பாட்டி படத்தை வாங்கிப் பார்த்தார்.

"இதுல வூடு தெரியுது" என்றார்.

உபதேசம் செய்யாமல் என்னால் இருக்க முடியவில்லை. மண் சுவர் வெயிலில் குளிரும், குளிரில் சூடு காக்கும், கான்கிரீட் அப்படியில்லை என்றெல்லாம் சொன்னேன். பாட்டி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கூரைப்புல்லு ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும் தம்பி. நீ வந்து மேஞ்சு தர்றியா?"

சொந்த ஓட்டை ஐந்து நிமிஷம் தள்ளி வைக்காதவன் என்ன பதில் சொல்வான்? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்தச் சுவர்ல உங்க கை இருக்கேம்மா. இடிச்சுட்டா போயிடுமே" என்றேன். இந்தக் கேள்வியில் அவர் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், காமிராவின் மூடியைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

"செவுரு போனா என்ன? கை எங்கிட்டதான் இருக்குது" என்றார் பாட்டி.

அடுத்த மார்கழியில் போனபோது மெத்தை வீடு எழுந்து நின்றது. சுண்ணாம்பு வெள்ளை. மூட்டத்தில் அதுவும் பாதிதான் தெரிந்தது. ஆனால் அதன் பக்கத்தில் நான் பார்த்தது வேறொன்று. புது வீட்டுக்குள் விறகடுப்புப் புகை சுற்றுகிறதாம், சுவர் கறுத்துவிடுமாம். அதனால் பாட்டி பழைய வீட்டின் மூங்கிலையும் கைமரத்தையும் பிரித்து எடுத்து, வீட்டுச் சுவரோடு சாய்த்து, தனியாக ஓர் அடுப்படி கட்டிக்கொண்டிருந்தார். நான்கு கால், ஒரு சாய்ப்பு, அரைச் சுவர். பேரன் செம்மண்ணை மிதித்துக்கொண்டிருந்தான்.

எனக்குக் கை நடுங்கியது. கையால் கட்டுகிற சிறு கட்டடம், கட்டும்போதே, மூட்டத்தில்! முக்காலியை நட்டேன். கண்ணாடியைத் துடைத்தேன். ஒரு படி கூட்டி வைத்தேன்.

"தம்பி, சும்மாதான நிக்கிறே? இந்தக் காலைப் புடி" என்றார் பாட்டி.

பிடித்தேன். நட்ட மூங்கில் ஆடாமல் நிற்க வேண்டும், அவர் சுற்றிலும் கல் இட்டு மண் கெட்டிக்கும் வரை. ஐந்து நிமிஷம் என்றார். நான்கு வருஷமாக எனக்குக் கிடைக்காத அதே ஐந்து நிமிஷம். மூட்டம் வந்தது, போனது, மறுபடி வந்தது. என் வாழ்நாளின் இரண்டாவது சிறந்த படம் என் கண்ணெதிரே பத்து தடவை உருவாகிக் கலைந்தது. இரண்டு கையும் மூங்கிலில். இடையில் ஒரே ஒரு தடவை, மூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

சாயங்காலம் கை நிறையச் செம்மண்ணோடு வீடு திரும்பினேன். மனைவி என் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஏணியை எடுத்து வந்து மேற்கு மூலையில் சாய்த்து வைத்தாள். ஏணி இப்போதும் அங்கேயேதான் இருக்கிறது. அண்டாவும்.

பாட்டியின் அடுப்படி நன்றாக இருக்கிறது. போன வாரம் அங்கேதான் ராகிக் களி சாப்பிட்டேன். மூன்று கால் செங்குத்து. நான்காவது கால் மட்டும், மூட்டம் நகர்ந்த பக்கமாக, ஒரு சாண் சாய்ந்து நிற்கிறது. அந்த மூலையில் கோழிகள்கூட படுப்பதில்லை என்று பேரன் சொன்னான். முடிந்த கட்டடத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். அதில் சாய்வு தெரியாது. நல்ல பனி அன்றைக்கு.